பழைய புல்லட், மாற்றிய சைலன்சர், முரண்டு பிடிக்கும் கார்புரேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1994 மாடல் காஸ்ட் அயர்ன் புல்லட் 350. நான் மெக்கானிக் இல்லை. பதினைந்து வருடமாக ஒரே கார்புரேட்டரைக் கழற்றி, கெடுத்து, திரும்பச் சரிசெய்து பழகியவன், அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் "அண்ணா, ஜெட் என்ன நம்பர் போடலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகுதான் ஜெட்; எண் கூடினால் பெட்ரோல் கூடும்.) ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிவைத்துவிட்டேன்.

இங்கே பேசுவது சென்னை திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் பிறந்த பழைய என்ஜினைப் பற்றி. காற்றில்தான் குளிரும், 346 சிசி, போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. கார்புரேட்டர், ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து சென்னையில் யூகால் கம்பெனி செய்த மிக்கார்ப் விஎம்24. அதற்கும் பழைய வண்டியில் அமால் கம்பெனியின் கார்புரேட்டர் இருக்கலாம். உறுப்புகளின் பெயர் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது.

டியூனிங்னா என்ன, அந்த ரெண்டு ஸ்க்ரூவைத் திருகுறதுதானே?

அது ஐட்லிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) வைப்பது. டியூனிங்கில் எட்டில் ஒரு பங்குதான் அது. என்ஜின் உறிஞ்சும் காற்றுக்குச் சரியான அளவு பெட்ரோல், ஆக்சிலேட்டர் எந்த நிலையில் இருந்தாலும் போய்ச் சேர வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். நல்ல இழுவை கிடைப்பது 12.5 முதல் 13 பங்கு காற்றில். பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். கம்பெனி கொடுத்த வண்டியில் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஜெட் வைத்திருப்பார்கள். சைலன்சரையோ ஃபில்டரையோ நீங்கள் மாற்றியதும் அவர்கள் கணக்கு கலைகிறது. கலைத்தவர்தான் திரும்பப் போட வேண்டும்.

கார்புரேட்டர்ல எந்தப் பாகம் எப்போ வேலை செய்யுது? மெக்கானிக் கேட்டா "எல்லாம் சேர்ந்துதான்" என்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. விஎம் வகையில் ஆக்சிலேட்டர் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால்வாசி வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்.

முக்கியம் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான். எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்பதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். "அறுபதில் இழுக்குது" என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. கைப்பிடியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று பேனாவால் கோடு போடுங்கள். பக்கத்தில் அசையாத சுவிட்ச் பெட்டியில் ஒரு கோடு. இதற்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். "அரைக்கோட்டில் இழுக்குது" என்று சொன்னால் போனிலேயே ஊசி என்று சொல்லிவிடுவேன்.

கார்புரேட்டரைத் தொடறதுக்கு முன்னாடி வேற எதையாவது பார்க்கணுமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "கார்புரேட்டர் கோளாறு" என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு கார்புரேட்டரில் இல்லை. டேப்பட் (வால்வைத் திறக்கும் அமைப்பு, அதன் இடைவெளி), பாயின்ட் (பிளக்கின் பொறிக்கு நேரம் வைக்கும் சுவிட்ச்), காற்றுக் கசிவு. இந்த மூன்றும் முதலில். கார்புரேட்டர் கடைசி.

டேப்பட்டை ராத்திரி முழுக்க நின்று ஆறிய என்ஜினில் பார்க்க வேண்டும். டிகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்து மெதுவாகக் கிக்கரை இறக்கி, கம்ப்ரஷனில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். வலப்பக்க டேப்பட் மூடியைத் திறந்தால் இரண்டு புஷ் ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) தெரியும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் திருப்பினால் எண்ணெய் தடவிய பென்சில்போல வழுக்கிச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளி தளர்வாக இருந்தால் நல்லது. இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. அப்புறம் நீங்கள் எந்த ஜெட் போட்டாலும் ஐட்லிங் நிலைக்காது.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்ணால் வேண்டாம். பாயின்ட்டுக்கு அடியில், வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்தவைக்கும் ஆட்டோ அட்வான்ஸின் இரண்டு சின்ன ஸ்பிரிங் இருக்கும். அவை தொய்ந்துபோனால் ஐட்லிங் ஏறும், சில சமயம் இறங்கவே இறங்காது. இதைப் பார்க்காமல் ஸ்லோ ஜெட் நாலு வாங்கினவர்களை எனக்குத் தெரியும். அடுத்து, கார்புரேட்டர் ஹெட்டோடு (சிலிண்டரின் மேல்மூடி) சேரும் இடம். வண்டியை ஐட்லிங்கில் விட்டு, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் தண்ணீர்ப் பாட்டிலால் அந்த மூட்டில் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. சில பேர் பெட்ரோல் தெளிப்பார்கள். சூடான என்ஜினில் அதைச் செய்ய வேண்டாம். நட்டை அளவுக்கு மீறி முறுக்கி முறுக்கி ஃப்ளாஞ்ச் வளைந்திருப்பது இந்த வண்டிகளில் சர்வசாதாரணம். கண்ணாடித் தகட்டின்மேல் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமன்செய்து, புது பேக்கிங் போட்டால் சரியாகும்.

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மட்டும்தான் மாட்டினேன். ஜெட் மாத்தியே ஆகணுமா?

ஃப்ரீ ஃப்ளோ என்றால் புகையைக் குறைவாகத் தடுக்கும் சைலன்சர். அதற்குப் பெரும்பாலும் ஒரு படி. மெயின் ஜெட் 90 என்றால் 95. சில வண்டிகள் கம்பெனி வைத்த ஜெட்டிலேயே சமாளித்துவிடும், ஏனென்றால் கூடுதல் காற்று போனால் அது கூடுதல் பெட்ரோலையும் ஓரளவு தானே இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் முட்டாள் இல்லை. ஆனால் ஒவ்வொரு சைலன்சரும் வேறுவேறு ஆர்பிஎம்மில் என்ஜினை உறிஞ்சவைக்கும். அதனால் சோதிக்காமல் சொல்ல முடியாது. சோதிக்கும் விதம் மெயின் ஜெட் கேள்வியில் இருக்கிறது.

சைலன்சருக்குள் இருக்கும் குழலை வெட்டி எடுத்துவிட்டு "ஃப்ரீ ஃப்ளோ" என்று கொடுப்பதும் உண்டு. அது சத்தத்தை மட்டும்தான் ஃப்ரீ ஆக்கும்.

அப்போ ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிட்டு கோன் ஃபில்டர் போட்டா?

சைலன்சரைவிட இது பெரிய மாற்றம். பழைய பெட்டி காற்றைக் கொஞ்சம் தடுத்தது. அந்தத் தடையால் கார்புரேட்டர் வாயில் உறிஞ்சல் கூடி, அதுவும் சேர்ந்து பெட்ரோலை இழுத்தது. தடை போனதும் அந்த உறிஞ்சல் தளர்கிறது, அதே காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக வருகிறது. சைலன்சர், ஃபில்டர் இரண்டும் மாற்றினால் மெயின் ஜெட் இரண்டு மூன்று படி ஏறும், ஊசி ஒரு காடி (ஊசித் தலையில் இருக்கும் வெட்டு) உயரும், ஸ்லோ ஜெட்கூட மாறலாம். என் வண்டியில் 90-இல் தொடங்கி 100-இல் நின்றது. அதை அப்படியே உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபில்டரே இல்லாமல் வாயைத் திறந்துவிட்டு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: நம் ஊர்ச் சாலைப் புழுதியில் ஒரு வருடத்தில் போர் தேய்ந்துவிடும். வேண்டாம்.

ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுத்து வைக்கணும்?

ஒன்றரைச் சுற்றில் தொடங்குங்கள். அங்கேயே விட்டுவிடுவதுதான் தப்பு. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முழுதும் திருகி, அது தொட்டதும் நிறுத்துங்கள். முறுக்கினால் அதன் கூர்முனை உடையும். ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவால் வண்டி அணையாத அளவுக்கு வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நொடி காத்திருந்து காது கொடுங்கள். எங்கே என்ஜின் சத்தம் உயர்ந்து, துடிப்பு ஒரே சீராக வருகிறதோ அதுதான் இடம். இப்போது ஐட்லிங்கைக் குறைத்து, இன்னொரு முறை இதையே செய்யுங்கள். முதல்முறை கிடைத்த இடம் பெரும்பாலும் கால் சுற்று தள்ளிப்போகும்.

விஎம் கார்புரேட்டரில் இந்த ஸ்க்ரூ காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறைந்து ரிச், வெளியே எடுத்தால் லீன். நல்ல இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் வண்டி இன்னும் பெட்ரோல் கேட்கிறது, ஸ்லோ ஜெட் ஒரு படி பெரிதாக வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் சிறிதாக வேண்டும்.

என் வண்டியில வெளியே எடுத்தாத்தான் ரிச் ஆகுது. நீங்க உல்டாவா சொல்றீங்களே?

உங்களுடையது சிவி கார்புரேட்டர், அதாவது என்ஜினின் உறிஞ்சலே ஸ்லைடைத் தூக்கும் வகை. காஸ்ட் அயர்னுக்குப் பின்னால் வந்த யுசிஇ என்ஜின் வண்டிகளில் இருந்த பிஎஸ்29 அந்த வகை. அதில் ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருக்கும், கலவையையே அளக்கும், அதனால் வெளியே எடுத்தால் ரிச். நினைவில் வைக்க ஒரு வழி: ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று, என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல். இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் விஎம் வகைக்குச் சொன்னது.

ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட் பட்டுன்னு வெடிக்குது. பசங்க சூப்பர்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.

பயப்படுங்கள், ஆனால் கொஞ்சமாக. ஆக்சிலேட்டரை மூடியதும் வேலை செய்வது ஸ்லோ ஜெட். அது லீனாக இருந்தால் சிலிண்டரில் சில சுற்று எரியாமல் போய், சைலன்சரில் சேர்ந்து வெடிக்கும். முதலில் பென்ட் பைப் (சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) ஹெட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் இதே வெடி வரும், கார்புரேட்டருக்குச் சம்பந்தமே இருக்காது. மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான். அது சரியென்றால் ஏர் ஸ்க்ரூ, ஸ்லோ ஜெட். குட்டைச் சைலன்சரில் இறக்கத்தில் ஒன்றிரண்டு பொட்டு வெடிப்பது இயல்பு. அதையும் அடக்க நினைத்து ரிச் ஆக்கினால் ஐட்லிங்கில் பிளக் கரி பிடிக்கும்.

கார்புரேட்டர் வாய் வழியாகத் தும்மினால் அது வேறு. திறக்கும்போது லீன், அல்லது இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை.

பாதி ஆக்சிலேட்டர்ல ஒரு இழுப்பு, முழுசா திறந்தா சரியாகிடுது. மெயின் ஜெட்டைப் பெருசு பண்ணவா?

முழுதாகத் திறந்தால் சரியாகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, மெயின் ஜெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஊசியைப் பாருங்கள். ஊசியின் தலையில் ஐந்து காடி இருக்கும், ஒன்றில் சின்ன கிளிப். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து ரிச் ஆகும். மேலே ஏற்றினால் லீன். கழற்றும்போது கிளிப் எந்தக் காடியில் இருந்தது என்று மேலிருந்து எண்ணி எழுதிவிட்டுத்தான் தொட வேண்டும். அந்த கிளிப் தெறித்து ஓடுவதில் எலியைவிட வேகம்; மடியில் ஒரு துணி விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

ரிச்சா லீனா என்று எப்படித் தெரியும்? அரைக்கோட்டில் ஓட்டிக்கொண்டே, கலவையை ரிச் ஆக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி தேறினால் லீன், இன்னும் மோசமானால் ரிச். காதுக்கும் தெரியும். ரிச் வண்டி "தப தப"வென்று கனமாகத் தடுமாறும். லீன் வண்டி காய்ந்த இருமல்போல விட்டுவிட்டு இழுக்கும்.

மெயின் ஜெட் என்ன நம்பர் போடணும்? நம்பரை மட்டும் சொல்லுங்க.

சொல்ல மாட்டேன். ஒரே வருடம் தயாரான இரண்டு புல்லட்டுக்கே ஒரே ஜெட் பொருந்தியதில்லை. ஒரு கம்பெனி ஜெட்டின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. அதனால் இப்போது இருப்பதற்கு மேலே இரண்டு, கீழே ஒன்று என்று வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைக்கும்.

விடிகாலையில் ஆளில்லாத நேரான சாலைக்குப் போங்கள். மூன்றாவது கியரே போதும், நான்காவதில் வேகம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, பிறகு ஒரு நூல் அளவு மூடுங்கள். மூடிய அந்த நொடியில் வண்டி ஒரு எம்பு எம்பினால் லீன். காற்று சட்டென்று குறைய, ஏற்கெனவே கிளம்பிய பெட்ரோல் ஒரு கணம் மிஞ்சுவதால் வரும் எம்பு அது. மூடியதும் சீராக வேகம் குறைந்தால் ஏறக்குறைய சரி. முழுதும் திறந்தால் தடுமாறி, மூடினால் தெளிந்து அப்படியே ஓடினால் ரிச். எனக்குப் பிடித்த முறை: தடுமாறும்வரை ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போய், தடுமாறியதும் ஒரு படி இறங்குவது. கீழிருந்து ஏறுவதைவிட இது என்ஜினுக்குப் பாதுகாப்பு.

பிளக் காப்பிக் கலர்ல இருக்கணும்னு சொல்றாங்க. எனக்கு வெளுப்பா இருக்கு.

காப்பிக் கலர் என்பது பெரும்பாலும் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பேச்சு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோல் போய்விட்டது. இப்போதைய பெட்ரோலில் சரியான கலவைக்கே பீங்கான் வெளிர்ந்துதான் இருக்கும். நுனியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேரும் அடிப்பகுதியில் மெல்லிய சாம்பல் வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வளையமே இல்லாமல் பளிச்சென்று வெளுப்பு, பீங்கான்மேல் பொடிப்பொடியாக மினுமினுப்பு என்றால் அதுதான் ஆபத்து. அந்த மினுமினுப்பு பிஸ்டனின் அலுமினியம்.

டீக்கடை வாசலில் ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பினால் அது ஐட்லிங்கின் கதையைத்தான் சொல்லும். மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புது பிளக் போட்டு, முழு ஆக்சிலேட்டரில் சில நொடி ஓட்டி, கிளட்சைப் பிடித்து அதே கணத்தில் சாவியை அணைத்து, உருட்டி ஓரம் நிறுத்திக் கழற்ற வேண்டும்.

கொஞ்சம் லீனா வச்சா மைலேஜ் வருமே, அது நல்லதுதானே?

தண்ணீரில் குளிரும் வண்டியாக இருந்தால் வாதாடலாம். நம்முடையதில் ஹெட் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வார்ப்பிரும்பு கடத்தும். உள்ளே ஓடும் பிஸ்டனோ அலுமினியம், சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும். லீன் கலவை மெதுவாக எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். சூடு ஏற ஏற பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவில் இருக்கும் இடம் குறையும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது அந்தச் சூட்டில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த என்ஜினில் ஒரு நூல் ரிச்சாக இருப்பது வீண்செலவு இல்லை, குளிர்ச்சிக்குக் கொடுக்கும் கூலி.

எனக்கு இது செலவு செய்து வந்த பாடம். ஒரு மே மாத மதியம், லிட்டருக்கு நாற்பதைத் தொட்டுவிட்ட பெருமையில் செங்கல்பட்டு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் இழுவை மெல்லக் குறைந்தது, எதிர்க்காற்று என்று நினைத்தேன். அப்புறம் ஹெட்டிலிருந்து கோலி குலுக்குவதுபோல ஒரு கிணுகிணுப்பு. அடுத்த நொடி பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. கிளட்சில் விரல் இருந்ததால் விழவில்லை. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் ஓரத்தில் நான்கு நீளக் கீறல். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு, போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட கூலியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தக் கிணுகிணுப்பு கேட்டால் ஆக்சிலேட்டரை விடுங்கள், கிளட்சைப் பிடியுங்கள், பிறகு யோசியுங்கள்.

350-க்கு விஎம்28 போடலாமா? பெரிய கார்புரேட்டர்னா பவர் கூடும்னு சொல்றாங்க.

24-லிருந்து 28-க்குப் போனால் துளையின் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. என்ஜின் உறிஞ்சுவது அதே காற்று. அகலமான வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக ஓடுவதுபோல அங்கே காற்றின் வேகம் குறையும், பெட்ரோலை இழுக்கும் பலமும் குறையும். புல்லட்டை நாம் ஓட்டுவது குறைந்த ஆர்பிஎம்மில், அந்த இடத்தில்தான் பிக்கப் போகும். ஹெட்டின் இன்டேக் துளையைப் பெரிதாக்கி, கேம் மாற்றி, மேல் ஆர்பிஎம்மில் ஓட்டுபவருக்கு 28 பயன்படும். மற்றவர்களுக்கு நன்றாக வைத்த 24-தான் மேல். என் சொந்த அபிப்பிராயம் இது, 28 மாட்டியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

500-ல 535 கிட் போட்டிருக்கேன். கார்புரேட்டர் அதே 28. என்ன செய்யணும்?

போர் 84-லிருந்து 87 மி.மீ. ஆகிறது, அளவு ஏழு சதவீதம்தான் கூடுகிறது. மெயின் ஜெட் ஒரு படி, பெரும்பாலும் அதோடு முடியும். புதுப் பிஸ்டன் ஓடிப் பழகும்வரை ஊசியை ஒரு காடி ரிச்சாகவே வைத்திருங்கள், மைலேஜைப் பற்றி அந்த ஆயிரம் கிலோமீட்டர் பேசாதீர்கள். காரணம் மேலே செங்கல்பட்டுக் கதையில் இருக்கிறது.

ஊட்டி ஏறினா வண்டி மூச்சு வாங்குது, கரும்புகை வருது. கீழே நல்லாதானே இருந்தது?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பெட்ரோல் அதே விகிதத்தில் குறையாது, அதனால் கலவை பத்து சதவீதத்துக்கு மேல் ரிச் ஆகிவிடுகிறது. இரண்டு நாள் பயணமென்றால் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுங்கள், அதுவே போதும். ஒரு வாரம் தங்கினால் ஊசியையும் ஒரு காடி இறக்கலாம். பவர் குறைந்ததை மட்டும் எந்த ஜெட்டும் திருப்பித் தராது, காற்றே குறைவு.

மேட்டுப்பாளையம் இறங்கியதும் எல்லாவற்றையும் பழையபடி வைக்க வேண்டும். மறந்துவிட்டுச் சமவெளியில் விரட்டினால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன். டேங்க்மேல் ஒரு டேப் ஒட்டி "ஸ்க்ரூ" என்று எழுதிவைத்துக்கொண்டுதான் நான் இறங்குவேன்.

இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து வண்டி சரியில்லை. அதுக்கும் டியூனிங் உண்டா?

உண்டு, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்தால் முழுதாக எரியத் தேவையான காற்று 14.7 பங்கிலிருந்து ஏறக்குறைய 13.5 ஆகிறது. அதாவது அதே ஜெட்டில் வண்டி லீன் ஆகிறது. 10 சதவீதக் கலப்பில் சரியாக வைத்திருந்தவருக்கு வித்தியாசம் நான்கு சதவீதம்போல. முன்பே விளிம்பில் லீனாக ஓடிய வண்டிகள்தான் அலறுகின்றன. மெயின் ஜெட் அரைப்படி அல்லது ஒரு படி, ஏர் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே.

பெரிய தொல்லை வேறு. பழைய ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும், பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயின் கார்க் கெடும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், நிறுத்திவைத்த வண்டியில் தண்ணீர் பிரிந்து ஃப்ளோட் கிண்ணத்தின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) அடியில் தங்கி வெள்ளையாகப் பூக்கும். மாதக்கணக்கில் எடுக்காத வண்டியென்றால் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

காலையில ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது. டீ குடிச்சுட்டு வந்தா பத்து கிக் அடிச்சாலும் இல்லை.

நின்றதும் என்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே நிரம்பிவிடுகிறது. சோக் வேண்டவே வேண்டாம். சாவியை அணைத்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து நாலு முறை கிக்கரை மிதித்து ஆவியை வெளியேற்றுங்கள். பிறகு சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக இறக்கி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. அப்படியும் தினமும் இதே கதை என்றால் ஃப்ளோட் உயரம் கூடியிருக்கும், அல்லது டேப்பட் சூட்டில் இறுகுகிறது.

போலீஸ் பிடிச்சா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது. ஜெட் மாற்றினது யார் கண்ணுக்கும் தெரியாது, சைலன்சர் தெருவுக்கே கேட்கும்.

எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். டியூனிங் ஒரு நாள் நிக்குது, மறுநாள் போயிடுது.

அப்படியென்றால் அளவு உங்கள் கையில் இல்லை, தேய்மானத்தின் கையில் இருக்கிறது. ஸ்லைடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என்ஜின் பக்கம் ஒரு கண்ணாடிப் பளபளப்பும், விரல் நகம் தட்டுப்படும் ஒரு விளிம்பும் இருந்தால் தேய்ந்துவிட்டது. உடம்புக்குள் போட்டு ஆட்டினால் கடகடக்கும். அந்த இடைவெளியில் காற்று புகுந்துகொண்டே இருந்தால் ஐட்லிங் நிலைக்காது. புதுக் கார்புரேட்டர் வாங்குவது தவிர வழியில்லை.

ஜெட்டையும் சந்தேகப்படுங்கள். ஒரு முறை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஸ்லோ ஜெட் அடைப்பை கிளட்ச் வயரின் ஓர் இழையை விட்டுக் குத்தி எடுத்தார்கள். அடைப்பு போயிற்று, கூடவே துளையின் வட்டமும் போயிற்று. மூன்று மாதம் ஏர் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிய பிறகு, அதே எண்ணில் புது ஜெட் ஒன்றை வாங்கி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பழையதன் துளை முட்டை வடிவத்தில் இருந்தது. அடைத்தால் கெமிக்கலில் ஊறவைத்துக் காற்றடியுங்கள், கம்பி விடாதீர்கள்.

இன்னொன்று, ஒரே நாளில் மூன்றை மாற்றினீர்களா? அப்படியானால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. ஒரு மாற்றம், ஒரு ஓட்டம், நோட்டில் ஒரு வரி. என் நாற்பது பக்க நோட்டில் தேதி, வெயிலா மழையா, ஸ்லோ, ஊசிக் காடி, மெயின், ஸ்க்ரூ சுற்று, என்ன செய்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

காற்று-பெட்ரோல் மீட்டர் வாங்கி மாட்டினா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

சைலன்சர் புகையை அளந்து கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் நல்ல பொருள். முழு ஆக்சிலேட்டரில் 12.5 முதல் 13, சீராக ஓடும்போது 13.5 பக்கம் இருக்கும்படி வைத்தால் நம் என்ஜின் நிம்மதியாக ஓடும். இ20 போட்டாலும் இதே எண்களையே பாருங்கள். சென்சார் அளப்பது மிச்சமிருக்கும் ஆக்சிஜனை, பெட்ரோல் கணக்கில் எண்ணாக மாற்றிக் காட்டுவது மீட்டர்.

ஆனால் ஒற்றைச் சிலிண்டர், குட்டைச் சைலன்சர், குறைந்த ஐட்லிங் சேர்ந்தால் மீட்டர் பொய் சொல்லும். இரண்டு துடிப்புக்கு நடுவில் வெளிக்காற்று சைலன்சர் வாய் வழியாகப் பின்னோக்கி வந்து சென்சாரைத் தொடும். நண்பர் ஒருவர் சைலன்சர் வாயில் சென்சாரைச் செருகிவிட்டு, ஐட்லிங்கில் 17 காட்டுகிறது, படுபயங்கர லீன் என்று ஸ்லோ ஜெட்டை இரண்டு படி ஏற்றினார். ஒரு வாரத்தில் பிளக் கரிக்கட்டை ஆனது. பென்ட் பைப்பில் ஹெட்டுக்கு ஒரு சாண் தள்ளித் துளை போட்டு நட் பற்றவைத்து மாட்டிய பிறகு அதே ஐட்லிங் 11.8 காட்டியது. பழைய ஸ்லோ ஜெட்டைத் தேடினார், நல்லவேளை தூக்கிப் போடாமல் திருநீற்று டப்பாவில் வைத்திருந்தார்.